பெயர் வைத்தவர்களும் பெயர் சொன்னவர்களும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாத் தொழுது, சாப்பிட்டு முடித்து, ஆறுதலாக வாசியுங்கள். விட்டில் பூச்சிகளையும் செடிகளையும் பற்றிய வரலாறு இது. நாங்கள் செய்த ஒரு பிழையில் இருந்துதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

2018ஆம் ஆண்டு முடிவில், மாரி மழை பெய்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் மாணவர் ஒருவரின் வாப்பா ஜாம் போத்தல் ஒன்றோடு பாடசாலைக்கு வந்தார். மேட்டு நிலத்தில் சோளன் செய்பவர். போத்தலுக்குள் நாலைந்து புழுக்கள் நெளிந்தன. "சேர், இது என்ன புழு? குருத்துக்குள்ள இருந்து தின்னுது. அடிச்ச மருந்துக்கும் சாகுதில்ல" என்று கேட்டார். விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர்கள் மூன்று பேர் அப்போது இருந்தோம். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "வழமையா வாற படைப்புழுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அது வழமையாக வரும் புழு அல்ல. அமெரிக்கக் கண்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட வேறோர் இனம். 2016இல் ஆபிரிக்காவிலும், 2018இல் இந்தியாவின் கர்நாடகாவிலும் கண்டுபிடிக்கப்பட்டு, அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்து சேர்ந்திருந்தது. பிறகு நாடு முழுவதும் 'சேனா படைப்புழு' என்று பேசப்பட்டது அதுதான். அந்தப் பெரும்போகத்தில் நமது அம்பாறை மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் சோளன் பயிர் அழிந்ததை எல்லோரும் அறிவோம். போத்தல் கொண்டுவந்த அந்த மனிதருடைய காணியும் அதில் ஒன்று.

அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கைவில்லையை எடுத்து அந்தப் புழுவின் தலையைப் பார்த்திருந்தால் நாங்கள் கண்டுபிடித்திருக்கலாம். தலையில் தலைகீழாக எழுதிய ஆங்கில 'வை' எழுத்துப்போல வெளிறிய கோடு இருக்கும். வாலுக்கு முந்திய துண்டத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அது புதிய புழு. படைப்புழு என்பது ஒரே பூச்சியின் பெயர் அல்ல. நெல் வயலில் நம் முன்னோர் கண்ட படைப்புழு வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருந்ததால் நாங்கள் ஏமாந்தோம்.

அதற்குப் பிறகுதான் ஆசிரியர்கள் சிலரும் பழைய மாணவர்களும் சேர்ந்து பூச்சிகளையும் செடிகளையும் பெயர் சொல்லி அடையாளம் காணப் பழகத் தொடங்கினோம். எங்களில் யாரும் பூச்சியியல் படித்தவர்கள் அல்ல. மாதக் கடைசியிலும் புதுப்பிறையிலும் இரவு இருட்டாக இருக்கும் நாட்களைத் தெரிவு செய்வோம். நிலவு வெளிச்சம் இல்லாத இரவில்தான் விட்டில்கள் விளக்குக்கு நன்றாக வரும். ஒரு வளவில் வெள்ளைப் புடவையைக் கட்டி, அதற்கு முன்னால் விளக்கைப் போட்டுவிட்டு இருப்போம். வருவதைப் படம் எடுப்போம், அளப்போம், கொப்பியில் எழுதுவோம். ஒருவர் ஒரு பெயர் சொல்வார், இன்னொருவர் இல்லை என்பார். அந்த வாக்குவாதத்தில்தான் படிப்பு நடக்கும். எதையும் கொல்வதில்லை.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாணவி தன் வீட்டு முற்றத்தில் இருந்த செடியில் பெரிய பச்சைப் புழு ஒன்றைக் கண்டு பயந்து ஓடிவந்தார். அதன் முன்பக்கத்தில் இரண்டு நீலக் கண்கள் பாம்பு பார்ப்பதுபோலத் தெரிந்தனவாம். வீட்டில் எல்லோரும் விஷப்புழு என்று தும்புத்தடியை எடுத்துவிட்டார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது எங்களுக்கும் தெரியவில்லை. என்ன செடி என்று கேட்டோம். அந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை, பிள்ளையின் உம்மாவுக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்த மூத்தம்மாதான் சொன்னார்: "அது நந்தியாவட்டை மகன். கண்ணுக்கு நல்லது."

அந்த ஒரு சொல் கிடைத்ததும் வேலை இலகுவாகிவிட்டது. புழுக்களில் பல இனங்கள் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்னும். ஆகவே செடியின் பெயர் தெரிந்தால் புழுவைத் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். நந்தியாவட்டையிலும் அலரியிலும் வளரும், கண்போன்ற நீலப்புள்ளி கொண்ட பச்சைப் புழு அலரிப் பருந்து விட்டிலின் புழு. லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1758இலேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். இன்று அதன் விஞ்ஞானப் பெயர் டாஃப்னிஸ் நெரீ. 'நெரீ' என்றால் 'நேரியத்தினுடைய' என்று பொருள். நேரியம் என்பது அலரி. பூச்சியின் பெயருக்குள்ளேயே அது தின்னும் செடியின் பெயர் இருக்கிறது. அந்தக் கண்கள் வெறும் புள்ளிகள். கடிக்காது, விஷமும் இல்லை. புழு கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துப் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த விட்டிலாக வெளியே வந்தபோது, தும்புத்தடி எடுத்தவர்களே அதைப் படம் பிடித்தார்கள்.

அலரி என்று சொன்னவுடன் இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கொழும்பில் பிரதமரின் வாசஸ்தலத்தை நாம் அலரி மாளிகை என்கிறோம். அந்த மாளிகைக்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பெயர் தந்த மரம், சிங்களத்தில் அரலிய எனப்படும் கோயில் பூமரம். அதன் விஞ்ஞானப் பெயர் புளூமேரியா. நம் வீட்டு வாசலில் நிற்கும், ஆடுகூட வாய் வைக்காத அலரி வேறு. அதற்குச் சிங்களத்தில் கணேறு. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் இரண்டு செடிகள். ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி பெயர் மாறுவதால்தான் விஞ்ஞானப் பெயர் என்று ஒன்று தேவைப்பட்டது. ஆனால் அந்த விஞ்ஞானப் பெயர்கள் எப்படி வந்தன என்று தேடிப் பார்த்தால், நந்தியாவட்டை என்று சொன்ன அந்த மூத்தம்மாவைப் போன்றவர்கள்தான் ஒவ்வொரு கட்டத்திலும் பின்னால் நிற்கிறார்கள்.

இலங்கைச் செடிகளின் கதையை 1672இல் இருந்து தொடங்கலாம். அந்தக் காலத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக பவுல் ஹெர்மன் என்பவர் இலங்கைக்கு வந்தார். சில ஆண்டுகள் இங்கு தங்கி, செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாள்களில் ஒட்டினார். அவற்றின் சிங்களப் பெயர்களையும் எழுதி வைத்தார். ஒல்லாந்துக்குத் திரும்பி லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1695இல் இறந்துவிட்டார். இலங்கைச் செடிகள் பற்றி நினைத்த வேலையை அவரால் முடிக்க முடியவில்லை.

அந்த உலர்செடித் தொகுப்பு பிறகு கைமாறி, டென்மார்க் அரச மருந்தாளர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை லின்னேயஸுக்கு அனுப்பினார். இலங்கை மண்ணை ஒருநாளும் மிதிக்காத லின்னேயஸ், அந்தத் தாள்களைப் பார்த்தே 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி 'புளோரா சைலானிக்கா' என்ற நூலை வெளியிட்டார். இன்று உலகம் பாவிக்கும் பல தாவரப் பெயர்களுக்கு அந்தத் தாள்கள்தான் மூல ஆதாரம். அவை இப்போது லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஹெர்மன் வெளிநாட்டவர். இந்தச் செடிக்கு இதுதான் பெயர் என்று அவருக்குச் சொன்னது யார்? காட்டுப் பாதை தெரிந்த ஒருவர், மருந்து தெரிந்த ஒருவர், சமையலுக்குக் கீரை பறித்த ஒருவர் சொல்லாமல் அந்தப் பெயர்கள் தாளுக்கு வந்திருக்க முடியாது. பெயர்கள் நூலில் ஏறிவிட்டன. சொன்னவர்கள் ஏறவில்லை.

அடுத்த கட்டம் பேராதனை. ஆங்கிலேயர் காலத்தில் 1821இல் அங்கு தாவரவியல் பூங்கா தொடங்கியது. அதன் பொறுப்பாளர் அலெக்சாண்டர் மூன் 1824இல் இலங்கைச் செடிகளின் பட்டியல் ஒன்றைக் கொழும்பில் அச்சிட்டார். அதில் விஞ்ஞானப் பெயரோடு சிங்களப் பெயரும் இருந்தது. 1849இல் பொறுப்பேற்ற துவைட்ஸ் என்பவர் முப்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். அவர் தாவரவியலாளர். ஆனாலும் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் சேகரித்தார். செடியைப் பார்க்கிறவர் அதைத் தின்னும் புழுவையும் பார்ப்பது இயல்புதானே.

பேராதனையில் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. ஹரமானிஸ் த அல்விஸ் செனெவிரத்ன என்பவர் பூங்காவின் ஓவியராகப் பல தசாப்தங்கள் வேலை செய்தார். அவருடைய மகன்மார் வில்லியமும் ஜோர்ஜும் அதே தொழிலுக்கு வந்தார்கள். புழுவையும் கூட்டுப்புழுவையும் விட்டிலையும் உயிரோடு பார்த்து வரைந்தவர்கள் அவர்கள். புகைப்படம் இல்லாத காலம். இறந்து உலர்ந்த புழுவின் நிறம் மாறிவிடும். ஆகவே அவர்கள் வரைந்திருக்காவிட்டால் அந்தப் புழுக்கள் எப்படி இருந்தன என்று லண்டனில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்தப் படங்களையும் இங்கிருந்து போன சேகரிப்புகளையும் வைத்து, பிரெடெரிக் மூர் என்பவர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் பற்றிய நூலை லண்டனில் வெளியிட்டார். இருநூறுக்கு மேற்பட்ட வண்ணப் படத் தாள்கள் கொண்ட நூல் அது. நமது நாட்டின் மிகப் பெரிய விட்டிலுக்கு அட்டாக்கஸ் டாப்ரோபானிஸ் என்று பெயர் வைத்தவரும் மூர்தான். டாப்ரோபேன் என்பது கிரேக்கர் இந்தத் தீவுக்குச் சொன்ன பெயர். அரபிகள் செரந்தீப் என்றார்கள். இரண்டு கையையும் சேர்த்து விரித்தாற்போல் இருக்கும் அந்த விட்டிலுக்கு உண்ண வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே சில நாட்கள் வாழ்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும்.

விட்டில்களின் பெயர்களில் பெரும்பகுதியைத் தேடித் தந்தவர்கள் சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்தவர்கள் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். கொழும்பில் பிறந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன், புண்டுலோயாவில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர். தோட்டத்தில் விளக்குக்கு வந்தவற்றைச் சேகரித்து அனுப்பினார். பிற்காலத்தில்தான் அரசாங்கப் பூச்சியியலாளர் ஆனார். மஸ்கெலியாவில் ஜோன் போல் என்ற இன்னொரு தோட்டக்காரர் இருந்தார். அவர் விட்டில்களையும் சேகரித்தார், ஆதி மனிதர்களின் கற்கருவிகளையும் சேகரித்தார். இப்படிப்பட்டவர்கள் அனுப்பியவற்றையெல்லாம் பார்த்து ஹம்ப்சன் என்பவர் 1892 முதல் 1896 வரை பிரித்தானிய இந்தியாவின் விட்டில்களைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். அவரும் முன்னர் நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்தான். 1883இல் பம்பாயில் எட்டுப் பேர் சேர்ந்து தொடங்கிய இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகைதான் இப்படிப்பட்ட பொழுதுபோக்குச் சேகரிப்பாளர்களின் சந்திப்பிடமாக இருந்தது.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நண்பர்களுக்காக இந்த ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். எட்வர்ட் மெய்ரிக். 1854இல் பிறந்தவர். இங்கிலாந்தில் மார்ல்பரோ என்ற பாடசாலையில் தான் படித்து, பிறகு 1887 முதல் 1914 வரை அதே பாடசாலையில் லத்தீனும் கிரேக்கமும் படிப்பித்தவர். அவருடைய ஓய்வுநேர வேலை, நகத்தைவிடச் சிறிய விட்டில்களைப் பார்த்து அடையாளம் காண்பது. உலகெங்கும் இருந்து பெட்டிகள் அவருக்குத் தபாலில் வந்தன. மஸ்கெலியாவில் இருந்தும் போயின. அவர் விவரித்த இனங்களில் மஸ்கெலியா என்ற ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. வாழ்நாளில் 14,000க்கும் மேற்பட்ட புதிய இனங்களை அவர் விவரித்தார். 1938இல் இறந்தார்.

மெய்ரிக்கிடமும் குறை இருந்தது. கைவில்லையால் இறக்கையைப் பார்ப்பதே போதும் என்று இருந்துவிட்டார். உடலின் நுண் பகுதிகளைப் பிரித்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் முறை வந்த பிறகும் அதை அவர் ஏற்கவில்லை. அதனால் அவர் பெயர் வைத்தவற்றைப் பிற்காலத்தில் மற்றவர்கள் மீண்டும் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. 14,000 இனங்களை விவரித்தவரையே திருத்த வேண்டியிருந்தது என்றால், பிழை விடுவதற்கு நாம் வெட்கப்படத் தேவையில்லை. எங்கள் பிழை புழுவை அறியாமல் இருந்தது அல்ல. சரியாகப் பார்க்காமல், தெரிந்ததுபோலப் பதில் சொன்னதுதான்.

மஸ்கெலியாவையும் புண்டுலோயாவையும் பற்றிச் சொல்லும்போது அந்தத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த மலையகத் தமிழ்த் தொழிலாளர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விடியற்காலையில் இருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றவர்கள் அவர்கள். எந்தச் செடியில் எந்தப் புழு எப்போது வரும் என்று துரையைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். நூல்களில் துரையின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கின்றன.

நமது மொழி இந்த வரலாற்றில் நுழைந்த இடம் ஒன்று உண்டு. 1880இல் பேராதனைக்கு வந்த ஹென்றி டிரைமன், இலங்கைச் செடிகளுக்கு ஒரு கைநூல் எழுதினார். முதல் பகுதி 1893இல் வந்தது. 1896இல் அவர் இறந்துவிட, மிச்சத்தை ஹூக்கர் என்ற பெரிய தாவரவியலாளர் 1900இல் முடித்துக் கொடுத்தார். அந்த நூலில் பல செடிகளுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. பாலை, வீரை, முதிரை என்று நம் பகுதிக் காட்டு மரங்களின் பேச்சுப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது மனதுக்கு ஒரு சந்தோசம் வரும். பழைய தமிழில் முதிரை என்றால் பயறு வகை. இலங்கையில் முதிரை என்றால் அலுமாரிக்கும் கதவுக்கும் நாம் தேடும் மரம். இந்தப் பொருளை ஏட்டைப் பார்த்து எழுதியிருக்க முடியாது. வன்னியிலோ கிழக்கிலோ யாரோ ஒருவர் மரத்தைக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி அந்த ஜாம் போத்தலுக்குத் திரும்புவோம். அதில் இருந்த புழுவின் விஞ்ஞானப் பெயர் ஸ்பொடொப்டெரா ஃபுருஜிபெர்டா. பயிரை அழிப்பது என்ற பொருளில் வைத்த பெயர். அது வெளியான ஆண்டு 1797. வட அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் வாழ்ந்த ஜோன் அபொட் என்ற ஓவியர், அங்குள்ள புழுக்களையும் விட்டில்களையும் செடிகளோடு சேர்த்து வரைந்து குறிப்பு எழுதி அனுப்பினார். லண்டனில் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் அதை நூலாக்கிப் பெயர் வைத்தார். லின்னேயஸ் இறந்த பிறகு அவருடைய சேகரிப்புகளை விலைக்கு வாங்கியவரும் இதே ஸ்மித்தான். இங்கே வில்லியம் த அல்விஸ் வரைய மூர் எழுதினார், அங்கே அபொட் வரைய ஸ்மித் எழுதினார்.

அதாவது, 2018இல் நம் மாவட்டத்துச் சோளனைத் தின்ற புழுவை உலகம் 221 ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தது. அதன் படமும் பெயரும் பழக்கமும் எழுதப்பட்டிருந்தன. அந்த அறிவுக்கும் எங்கள் மேசையில் இருந்த போத்தலுக்கும் இடையில் பார்க்கத் தெரிந்த ஒருவர் இல்லாமல் போனார். காலத்தோடு பெயர் தெரிந்திருந்தால், புழு குருத்துக்குள் ஆழமாகப் போவதற்கு முன்பே முட்டைக் குவியலைத் தேடி நசுக்குங்கள், விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். முழுப் பயிரும் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டோம். ஒரு மனிதர் தவறான மருந்துக்குச் செலவழித்த பணமாவது மிஞ்சியிருக்கும்.

பார்க்கத் தெரிந்தவர்கள் ஏன் நம்மிடம் இல்லாமல் போனார்கள் என்பதற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. தலைநகரத்துப் பிள்ளைகளுக்கு 1972இல் தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் இளம் விலங்கியலாளர் சங்கம் தொடங்கியது. அதில் பழகிய பலர் பிற்காலத்தில் இந்நாட்டின் நல்ல இயற்கை ஆய்வாளர்களாக வந்தார்கள். அதே தசாப்தங்களில் நம் பகுதியில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காட்டுக்கு விறகுக்குப் போனவர் திரும்பி வருவாரா என்று தெரியாத காலம். இரவில் வெளியில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பது உயிருக்கே ஆபத்தான காலம். வெள்ளைப் புடவை கட்டி விட்டில் பார்க்க யார் துணிவார்? ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காட்டைப் பயத்தோடு மட்டுமே பார்த்து வளர்ந்தார்கள். அவர்கள்தான் இன்று உம்மாமாரும் வாப்பாமாரும். நந்தியாவட்டை மூத்தம்மாவுக்குத் தெரிந்து, உம்மாவுக்குத் தெரியாமல் போனது இப்படித்தான்.

எங்கள் ஊரில் பரிசாரி ஒருவர் இருந்தார். களப்புக் கரையில் நடந்தால் ஒவ்வொரு செடிக்கும் பெயர் சொல்வார். தில்லைப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும், எந்தக் கீரையை எந்த மாதத்தில் தின்னக்கூடாது, எந்தச் செடியில் மயிர்க்கொட்டி வரும் என்றெல்லாம் சொல்வார். சில ஆண்டுகளுக்கு முன் மௌத்தாகிவிட்டார். அவர் சொன்னவற்றில் ஒரு பக்கம்கூட நாங்கள் எழுதி வைக்கவில்லை. பட்டம் படித்த நாங்கள் அவர் பக்கத்தில் பேனாவோடு உட்கார வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

இந்த வேலை வெள்ளைக்காரர் கொண்டுவந்த பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹனீபா அத்தீனவரி என்ற அறிஞர் 'கிதாபுந் நபாத்' என்று செடிகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். அரபுப் பாலைவனத்துச் செடிகளுக்கு அங்குள்ள மக்கள் பேச்சில் வழங்கிய பெயர்களை அவர் அதில் திரட்டினார். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் புல் தேடி அலைந்த கிராமத்து அரபிகளின் சொல்லை ஆதாரமாக எடுத்துக்கொள்ள அந்த அறிஞர் கூச்சப்படவில்லை. நூலின் ஒரு பகுதிதான் இன்று கிடைக்கிறது. கிடைத்தது எழுதப்பட்டதால் கிடைத்தது.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விசயம் அல்ல.

வீட்டில் மூத்தம்மா, மூத்தப்பா இருக்கும் பிள்ளைகள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்களோடு வளவைச் சுற்றி நடவுங்கள். ஒவ்வொரு செடிக்கும் அவர்கள் சொல்லும் பெயரை, அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். பிழை என்று திருத்த வேண்டாம். பக்கத்து ஊரில் வேறு பெயர் என்றால் அதையும் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு இலையை உலர்த்தி ஒட்டுங்கள், அல்லது படம் எடுங்கள். ஹெர்மன் 1672இல் செய்தது இதைத்தான். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கட்டும்: பெயரைச் சொன்னவரின் பெயரையும் திகதியையும் மேலே எழுதுங்கள்.

புழுவைக் கண்டால் முதலில் அது இருந்த செடியைப் பாருங்கள். புழுவின் தலை, முதுகு, வால் மூன்றையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். மயிர்க்கொட்டியைக் கையால் தொடாதீர்கள். வனசீவராசிகள் காப்பகங்களுக்குள் செடியோ பூச்சியோ எடுப்பது சட்டப்படி குற்றம், அங்கே படம் மட்டும் போதும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நாங்களும் இப்போது அப்படித்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டுத் தேடுகிறோம்.

2012இல் இருந்து ஒவ்வோர் ஆண்டும் ஜூலை கடைசி வாரத்தில் உலகின் பல நாடுகளிலும் சாதாரண மக்கள் விளக்கைப் போட்டு விட்டில்களைப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். இம்முறை நமது ஊரிலும் ஒரு வெள்ளைப் புடவை கட்ட எண்ணியிருக்கிறோம். இடமும் நேரமும் பிறகு அறிவிப்போம். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். முடிந்தால் மூத்தவர்களுக்கு ஒரு கதிரையும் கொண்டு வாருங்கள். அவர்கள் வராவிட்டால் எங்கள் கொப்பியில் பாதிப் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும்.

சோளன் செய்த அந்த வாப்பாவிடம் இந்தப் பதிவை எழுத முதல் அனுமதி கேட்டோம். சிரித்துவிட்டு, "எழுதுங்க சேர். ஆனா அடுத்த முறை போத்தல் கொண்டு வந்தா வடிவாப் பாருங்க" என்றார். பார்ப்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.